இரண்டு தரம் குதித்தால் இழுக்க வேண்டும்

என் கணினியில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம், மீன் கழுவிய தண்ணீரை மூன்று நாள் வாளியில் மறந்துவிட்டு மூடியைத் திறந்த மாதிரி குமட்டுகிறது. உள்ளே இருப்பது யாரும் முகம் சுளிக்கிற சமாச்சாரம் இல்லை. நானும் என் தங்கையின் கணவரும் ஏழு வருடமாக விளையாடிய ஓர் ஆன்லைன் விளையாட்டுக்காக நான் போட்டுவைத்த ஆட்ஆன்கள், மொத்தம் முப்பத்திநாலு. விளையாட்டைச் செய்த கம்பெனி தராத வசதிகளை விளையாடுகிறவர்களே எழுதி, மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். திரையில் கூடுதலாக ஒரு பட்டை, ஒரு பெட்டி, ஓர் எண், ஒரு மணியோசை. ஆட்ஆன் என்றால் அவ்வளவுதான். அழித்துத் தொலைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை மவுசைப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறேன். உள்ளே என் தங்கையின் குரல் இருப்பதால் அழிக்கவில்லை.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் கூட்டமாகச் சேர்ந்து ஒரு குகைக்குள் போவோம். உள்ளே வீடு உயரத்துக்கு ஒரு மிருகம் நிற்கும். ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அதன் அடியையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் பின்னால் நின்று அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஊட்ட வேண்டும். மீதிப் பேர் மிருகத்தை அடிப்பார்கள். முன்னால் நிற்பவர் செத்தால் மற்ற ஒன்பது பேரும் அரை நிமிடத்தில் காலி. எங்கள் கூட்டத்தில் முன்னால் நின்றவர் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை கணவர். பின்னால் நின்று அவருக்கு உயிர் ஊட்டியவன் நான்.

இதை நாங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. எங்கள் குடும்பத்தில் அது அப்படித்தான். என் அப்பா தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். அவர் இடுப்பில் கட்டின கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடித்தவர் என் தாய்மாமா. வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கமாட்டார்கள். கயிறு நழுவினால் விதவையாகப் போவது பிடிக்கிறவனுடைய கூடப்பிறந்தவள் என்பதால், அந்த வேலை மச்சானுக்கு மட்டும்தான். கீழே இருந்து இரண்டு தரம் வெட்டி இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். கயிறு கையில் இருக்கிறவரைக்கும் மாமா பீடி பற்றவைக்கமாட்டார், யாரோடும் பேசமாட்டார், எங்கேயும் வேடிக்கை பார்க்கமாட்டார்.

நான் கடல் தொழிலுக்குப் போனதில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் கன்டெய்னர்களுக்குக் காகிதம் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலை. அவர் இறங்கவில்லை, ஏறினார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் விளையாட்டில் யார் என்ன செய்வது என்று முதல்நாள் பேச்சு வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை.

"நான் முன்னால போறேன். கயிறு உங்க கையில மச்சான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. எங்கள் ஊரில் சாயங்காலம் ஆகும்போது அவருக்கு மத்தியானம். அவருடைய கேம்ப் அறையில் ஆறு பேர் படுத்திருப்பார்கள், மைக்கில் கத்த முடியாது. சண்டை நடுவில் தட்டச்சு செய்யவும் நேரம் கிடையாது. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நெருக்கடி என்றால் திரையில் அவருடைய ஆள் இரண்டு தரம் குதிப்பான். நான் கையில் இருக்கிற வைத்தியத்தையெல்லாம் அவர் மேல் கொட்ட வேண்டும். நாளாக ஆக இது சண்டைக்கு வெளியேயும் வந்துவிட்டது. ஒரு தடவை ஊரில் அவருடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பயப்படுவார் என்று யாரும் அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை குகை வாசலில் என் முன்னால் வந்து நின்று இரண்டு தரம் குதித்தார். நான் விளையாட்டை நிறுத்திவிட்டு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். பத்துப் பேர் நடுவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை அது.

ஆட்ஆன்கள் கெட்டவை என்று எடுத்த எடுப்பில் நான் சொல்லவரவில்லை. நாற்பதைத் தாண்டியதும் எனக்குக் கண் மங்கிவிட்டது. பத்துப் பேர் ஓடிச் சாடுகிற கூட்டத்தில் யார் அடிபடுகிறார்கள் என்று தேடிப் பிடிப்பதற்குள் அவர்கள் செத்து விழுந்துவிடுவார்கள். ஒரு ஆட்ஆன் வந்தது. பத்துப் பேரையும் பத்துப் பெட்டிகளாகத் திரையில் அடுக்கியது. உயிர் நிறைய இருந்தால் பெட்டி பச்சை, குறைந்தால் மஞ்சள், சாகப்போனால் சிவப்பு. பெட்டியைத் தொட்டால் போதும், வைத்தியம் போய்ச் சேரும். கண்ணாடி மாற்றாமலே எனக்குப் பார்வை திரும்பிய சந்தோஷம்.

இன்னொன்று எச்சரிக்கை ஆட்ஆன். மிருகம் நெருப்பைக் கக்கப்போகிறது என்றால் மூன்று விநாடி முன்னால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் உத்தரவு போடும். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அது காதில் விழுந்து தமிழாகிக் காலுக்கு வருவதற்குள் அரை விநாடி போய்விடும், கருகிப்போவார். அந்த ஆட்ஆனில் குரலை மாற்றிக்கொள்ளலாம் என்று படித்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு என் போனில் பேசச் சொன்னேன். அடுப்படியில் குழம்பு கொதிக்கும் சத்தத்தோடு எட்டு உத்தரவுகள் பதிவாயின. "விலகுங்க." "பின்னால வாங்க." "அங்கன நிக்காதிய." "இப்பம் அடிங்க." கடைசியாக அவளே ஒன்றைச் சேர்த்தாள். "போதும், கொஞ்சம் மூச்சு வாங்குங்க."

அதை மாப்பிள்ளைக்கும் அனுப்பி ஏற்றச் சொன்னேன், அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் நெருப்பில் மாட்டவில்லை. வீட்டுக்காரி அதட்டினால் எந்த ஆம்பிளைக்கும் கால் தானாக நகரும் என்று கூட்டத்தில் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான். சண்டையில்லாத நாளிலும் அந்தக் குகைக்குள் தனியாகப் போய் நிற்பதாக ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

தொல்லைகளும் உண்டு. விளையாட்டுக் கம்பெனி வாரா வாரம் எதையாவது மாற்றும், மாற்றினால் பாதி ஆட்ஆன் படுத்துவிடும். வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எது செத்தது, எது பிழைத்தது, எதற்குப் புதிதாக வந்திருக்கிறது என்று போனில் தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒன்றைப் போட்டால் இன்னொன்றோடு அது சண்டை பிடிக்கும். அவர்கள் இரண்டு பேரையும் சமாதானம் செய்ய மூன்றாவதாக ஒன்று வேண்டும். அப்படியே முப்பத்திநாலு சேர்ந்தது. விளையாட்டில் குளத்தில் தூண்டில் போடுகிற பொழுதுபோக்கு ஒன்று உண்டு, அதற்கும் ஒரு ஆட்ஆன் போட்டிருந்தேன். தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு மீன் கடித்ததைச் சொல்ல ஒரு மணி. வெட்கங்கெட்டவன். கடைசியில் என் திரையில் மலையும் தெரியாது, குகையும் தெரியாது. எங்கே பார்த்தாலும் பெட்டி, பட்டை, எண். நடுவில் இரண்டு விரல்கடை இடத்தில்தான் விளையாட்டு ஓடும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் தலைவராக வந்தார். விளாத்திகுளத்துக்காரர், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. அவர் வந்ததும் எல்லோரும் மீட்டர் என்கிற ஆட்ஆனைக் கட்டாயம் போட வேண்டும் என்றார். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார், எவ்வளவு அடி வாங்கினார், எத்தனை தடவை கேடயம் தூக்கினார், எத்தனை விநாடி சும்மா நின்றார் என்று அது பட்டியல் போடும். முதல் இடம் மேலே, கடைசி இடம் கீழே. வாரா வாரம் அதைக் கோடு போட்டும் காட்டும்.

எங்கள் கூட்டத்தில் நாசரேத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வில் எய்கிறவராக இருந்தார். அவர்தான் முதலில் சடைத்துக்கொண்டார்.

"மார்க் போட்டுப் போட்டுக் கை வலிக்குன்னுதான நான் இங்க வாரேன். இங்கனயும் மார்க் ஷீட்டா?"

"ஜாலியா எடுத்துக்கங்க டீச்சர். டேட்டா பொய் சொல்லாதுல்லா" என்றார் தலைவர்.

இரண்டாவது வாரமே மீட்டர் என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் ஊட்டுகிற உயிரில் பாதிக்கு மேல் மாப்பிள்ளைக்கே போகிறதாம். அவருக்கு ஒரு கீறல் விழுந்ததும், நான் மற்றவர்களைச் சாகவிட்டுவிட்டு அங்கே ஓடுகிறேனாம். தலைவர் அதை வட்டமாகப் படம் போட்டு எல்லோருக்கும் அனுப்பினார். வட்டத்தில் ஒரு பாதி முழுக்க ஒரே நிறம். "மச்சான் பாசம்" என்று யாரோ எழுதினார்கள், சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. உள்ளது உள்ளபடிதான். இத்தனை வருடமாக நான் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது பேருக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

திருத்திக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பார்க்கிறதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தேன். எந்தப் பெட்டி மஞ்சளாகிறதோ அதைத் தொட்டேன், அதில் யார் இருக்கிறார் என்று படிக்கக்கூட இல்லை. என் எண் ஏறியது. வைத்தியர்களில் முதல் இடம் வந்தேன். தலைவர் எல்லோர் முன்னாலும் "அண்ணாச்சி செம" என்று எழுதினார். நாற்பத்திமூன்று வயதில், இரண்டு பிள்ளை பெற்றவன், அந்த இரண்டு வார்த்தையை ஆபீஸ் பஸ்ஸில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். இதை எழுதும்போது எச்சிலைத் துப்ப வேண்டும் போல் இருக்கிறது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து விளையாட்டில் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. எச்சரிக்கை ஆட்ஆன் செத்தது. தலைவர் வேறொன்றைப் போடச் சொன்னார். பழைய குரல் அதில் ஏறவில்லை. மறுபடியும் ஆங்கிலப் பெண். மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"மச்சான், நம்ம வீட்டுக் குரல இதுல ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம் மாப்ள. ஃபைல மாத்திப் போடணும். அடுத்த வாரம் பண்ணித்தாரேன்."

அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன். அவர் மூன்று தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவருடைய எண் விழ ஆரம்பித்தது. ஒரு சண்டைக்கு நாற்பது தடவை கேடயம் தூக்குகிறவர், ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று பன்னிரண்டு தடவை தூக்கினார். அடுத்த வாரம் பதினைந்து. அதற்கடுத்த வாரம் ஒன்பது. அவர் விழ, கூட்டமே விழுந்தது. தலைவர் எனக்குத் தனியாக, மாப்பிள்ளையின் நாலு மாத எண்களைக் கோடாகப் போட்டு அனுப்பினார். சமதரையாக வந்துகொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் படி மாதிரி பொத்தென்று கீழே இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. அண்ணனுக்கு இன்ட்ரஸ்ட் போயிட்டுன்னு நினைக்கேன். பக்கத்துல படம் ஓடவிட்டுட்டு விளையாடுதாரு போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கேம்பில் குடிக்கப் பழகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். நான் முதல் இடத்தில் இருக்கும்போது என் வீட்டு ஆள் கடைசி இடத்தில் இருப்பது எனக்குக் கோபம் மூட்டியது. கோட்டைப் பெரிதாக்கி, படி இறங்கிய இடத்தைப் பார்த்து, எந்த வாரம் என்று குறித்து, படமாகச் சேமித்தும் வைத்தேன். இவ்வளவும் செய்த எனக்கு ஒரு போனைப் போட்டு, என்ன மாப்ள ஆச்சு என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது தங்கை கேட்டாள்.

"அண்ணே, அவுக நல்லாத்தான் இருக்காவளா? வீடியோவுல மூஞ்சிய மட்டும் காட்டுதாவ. சாப்பிடுததக் காட்டுங்கன்னா போன வச்சிருதாவ."

"ஏளா, வெள்ளிக்கிழமைதான பாத்தேன். நல்லாத்தான் இருக்காரு."

நான் பார்த்தது ஒரு பச்சைப் பெட்டியை. அதை நம்பி அவள் அன்றைக்கு நிம்மதியாகக் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாலாவது வாரம் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். முன்னால் நிற்க வேறு ஆள் கிடைத்திருக்கிறதாம், பெங்களூர்ப் பையன், எண் எல்லாம் பிரமாதமாம். "நான் சொன்னா நல்லாருக்காது. நீங்க ஃபேமிலி, நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார். டீச்சர் மட்டும், "ஏழு வருசமா நின்ன மனுசன், என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று எழுதினார். நான் அதற்குப் பதில் போடவில்லை.

மாப்பிள்ளைக்கு வாட்சப்பில் அனுப்பினேன். "மாப்ள, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. கூட்டத்துல எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க." அதோடு விட்டிருக்கலாம். அவர் மறுத்துப் பேசினால் என்ன செய்வது என்று, சேமித்து வைத்திருந்த அந்தக் கோட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். படி இறங்கிய இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு.

"சரி மச்சான்" என்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் ஊருக்கு வருகிறார் என்று தங்கை சொன்னாள். லீவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஏன் என்று கேட்டால் வந்து சொல்கிறேன் என்றாராம். நானும் அவளும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் போய் நின்றோம். அவர் வலது கையால் மட்டும் டிராலியைத் தள்ளிக்கொண்டு கோணல்மாணலாக வந்தார். இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. நான் பெட்டியை வாங்கப் போனேன். தங்கை பெட்டியைப் பார்க்கவில்லை, நேராகப் போய் அந்தக் கையைப் பாக்கெட்டில் இருந்து வெளியே எடுத்தாள்.

நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணுவுக்கு மேல் இல்லை. மூடியிருந்த தோல் புதிதாக, சிவப்பாக மினுங்கியது. சாரக் குழாய் ஒன்று மேலே இருந்து நழுவி, அவர் கை வைத்திருந்த கம்பியின் மேல் விழுந்திருக்கிறது. தங்கை அழவில்லை. அந்தக் கையைத் தன் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டே கார் வரைக்கும் வந்தாள். நாகர்கோவில் தாண்டின பிறகுதான் என்னைப் பார்த்து, "வாரா வாரம் பாத்ததாச் சொன்னியே அண்ணே" என்றாள்.

தலைவரிடம் சொன்னேன். "அடடா. முன்னாடியே சொல்லியிருந்தா ஹேண்டில் பண்ணியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். நல்லவர்தான். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஹேண்டில் பண்ணியிருக்கலாம் என்கிற வார்த்தையைத் திரும்பப் படித்தேன், கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. அவருடைய வார்த்தைக்கும் என்னுடைய சிவப்பு வட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே கூட்டத்தை விட்டு வந்துவிட்டேன். வந்துவிட்டதால் நான் யோக்கியன் ஆகிவிடவில்லை.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், பிள்ளைகளோடு பேசினார். பிறகு என் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க அனுப்பின அந்தப் படம் இருக்கா மச்சான்? போன்ல சின்னதாத் தெரியுது. இதுல பெருசாக் காட்டுங்க."

"அது எதுக்கு மாப்ள இப்பம்?"

"காட்டுங்களேன்."

திறந்து காட்டினேன். அவர் அந்த இடது கையின் ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார். படி இறங்கிய இடம், என் சிவப்பு வட்டம்.

"இது செவ்வாக்கிழம அடிபட்ட வாரம். கேடயம் தூக்குத பட்டன போன ரெண்டு வெரலாலதான் அமுக்குவேன், அன்னிக்குக் கட்டோட உக்காந்தேன். இங்கன கொஞ்சம் ஏறுதுல்லா, வலி மாத்திர மாத்தித் தந்தாங்க. பெறவு இங்கன விழுது பாத்தியளா, இதுலதான் சீழ் வச்சி மறுபடி அறுத்தாங்க." விரலைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு வந்தார். "டாக்டர் தந்த காயிதத்துலகூட இவ்வளவு சரியா இல்ல மச்சான்."

கோபத்தில் சொல்லவில்லை. அதில் அவருக்கு ஓர் ஆச்சரியம்கூட இருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கை போனதைப் பெண்டாட்டிக்கும் முன்னால், பெற்றவர்களுக்கும் முன்னால் எனக்குச் சொல்லியிருக்கிறது. எந்த வாரம், எவ்வளவு என்று கோடு போட்டுக் கையில் கொடுத்திருக்கிறது. நான் அதை வாங்கி அவருக்கு எதிராகவே சாட்சி வைத்தேன்.

"அவ்வளவு வலியோட எதுக்கு மாப்ள விளையாட வந்திய?"

"வராம இருந்தா நீங்க ஏன்னு கேப்பிய. ஒங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சிரும். அந்தால ஒடனே வான்னு அழுவா. வேல பாக்க விடுவாங்களா மாட்டாங்களான்னு தெரியிற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு நினைச்சேன்." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "ஆனா ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்துச்சி. ரூம்ல எல்லாவனும் இருக்கான், எப்பிடிப் பேச? அதான் குதிச்சேன்."

"எப்பம்?"

"எல்லா வெள்ளிக்கெழமையும். வாசல்ல, ஒங்க முன்னாடி வந்து நின்னு ரெண்டு தரம். குதிக்கது ஸ்பேஸ் பார்தான, அதுக்குக் கட்டவெரலு போதும்லா." கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். "பாக்கலியா மச்சான்?"

விளையாட்டைத் திறந்தேன். என் ஆள் குகை வாசலில், வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்றிருந்தான். அவனைச் சுற்றி முப்பத்திநாலு ஆட்ஆனும் ஒவ்வொன்றாக எழுந்து வந்து திரையை மூடின. மாப்பிள்ளை முன்னால் குனிந்து, பெட்டிகளுக்கும் பட்டைகளுக்கும் இடையில் தேடினார்.

"நான் எங்கன வந்து நிப்பேன்?"

நடுத்திரையில், பத்துப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் கையை வைத்தேன். கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று நான்தான் அவற்றை அங்கே இழுத்து வைத்திருந்தேன். முதல் பெட்டி அவருடையது.

"இதுக்குப் பின்னால மாப்ள."

அவர் அந்த இடத்தை விரலால் தொட்டார்.

"வாசல்லதான நின்னேன். அடி ஒண்ணும் விழல. அப்பம் பெட்டி பச்சையா இருந்திருக்கும்" என்றார்.

ஆமாம் என்றேன். நாலு வாரமும் பச்சையாகத்தான் இருந்தது.